வாடகை வீடும் வரலாறு தரும் பாடமும்

வீடு என்பது ஒருவருக்கு இருப்பிடம், மற்றொருவருக்கு வருவாய். ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டும் சந்திப்பதே வாடகை வீடு. இச்சந்திப்பில் எவ்வளவு நன்மை உண்டோ அவ்வளவு பிணக்கும் உண்டு என்பதை அனுபவமுள்ளோர் அறிவர்.

திருகோணமலை நகரையடுத்த அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில், ஓய்வூதியம் பெறுவோர் தமக்குக் கிடைத்த மொத்தத் தொகையையும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் கொண்டு இரண்டாவது வீடொன்று கட்டி வாடகைக்கு விட எண்ணுவது இயல்பு. “வங்கியில் கிடக்கும் பணம் கரையும், வளவில் நிற்கும் வீடு கரையாது” என்பது அவர்கள் நம்பிக்கை. இந்நம்பிக்கை முற்றிலும் பிழையானதன்று. ஆயினும் முற்றிலும் சரியானதுமன்று. வாடகையைத் தருவது சுவரும் கூரையும் மட்டுமல்ல. அயலில் உள்ள தொழில், நாட்டில் நடைமுறையிலுள்ள சட்டம், இரு குடும்பங்களுக்கிடையே உள்ள நாணயம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வாடகையைத் தருகின்றன. கடந்த நூறு ஆண்டு வரலாற்றை ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும்.

முதலில் தொழிலை எடுத்துக்கொள்வோம். திருகோணமலையின் வாழ்வும் தாழ்வும் அதன் துறைமுகத்தோடு பிணைந்தவை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இவ்விடத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், காலப்போக்கில் இதனைத் தம் கீழைக் கடற்படையின் முக்கிய தளமாக்கினர். 1927இல் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. 1930களில் சீனன்குடாவில் பெரும் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சியிருந்த பெரும் துறைமுகங்களுள் திருகோணமலை முதன்மை பெற்றது. படையினரும், உத்தியோகத்தரும், தொழிலாளரும், வணிகரும் வந்து குவியும் இடத்தில் வீட்டுக்குத் தட்டுப்பாடு ஏற்படுவதும் வாடகை ஏறுவதும் இயற்கையே.

ஆனால் இந்த ஏற்றம் எத்தகைய நிலையாமை உடையது என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியக் கீழைக் கடற்படையின் பெரும்பகுதி கிழக்காபிரிக்கக் கரைக்கு விலகிச் சென்று, 1944இலேயே மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. யுத்தம் முடிந்தது. 1957 ஒக்ரோபர் 15ஆம் திகதி, பண்டாரநாயக்க பிரதமராயிருந்த காலத்தில், கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது பெருமை சேர்த்த நாள். எனினும் தளத்தை நம்பியிருந்த தொழிலாளருக்கும், அவர்களுக்கு வீடு கொடுத்தோருக்கும், கடை வைத்தோருக்கும் அது கவலையளித்த நாளுமாயிற்று.

ஒரேயொரு தொழிலை நம்பி, அதன் உச்சக் காலத்து வாடகையையே என்றும் கிடைக்கும் வாடகையாகக் கணக்கிட்டு, கடன் பட்டு வீடு கட்டலாகாது என்பது இதனாற் பெறப்படும் முதற்பாடம். இன்று திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகர். மாகாணத் திணைக்களங்கள், வைத்தியசாலை, பல்கலைக்கழக வளாகம், துறைமுகம், பாடசாலைகள் எனப் பல நிறுவனங்கள் இங்கே உள்ளன. இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியரும் தாதியரும் எழுதுவினைஞரும் குடும்பத்தோடு வாழ அடக்கமான வீட்டையே தேடுகின்றனர். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு விடும் அறைகளின் வருவாயைப் பார்த்து அதே வருவாயைக் குடியிருப்பு வீட்டிலும் எதிர்பார்ப்பது தவறு. வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் பயணிகள் வருகை சுருங்கிவிடும். மாதந்தோறும் சம்பளம் பெறும் குடும்பமோ மாரியிலும் கோடையிலும் ஒரே வாடகையைத் தரும். குறைந்த வாடகையாயினும் ஒழுங்காக வரும் வாடகையே மேல்.

இரண்டாவது, சட்டம். யுத்த காலத்து வாடகை உயர்வு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலக யுத்தத்தின்போது, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கு வந்த தொழிலாளரிடம் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலான பெண்மணிகள் தலைமை தாங்க, 1915இல் 20,000 அளவிலான குடும்பங்கள் உயர்ந்த வாடகையைத் தர மறுத்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 1918இல் பம்பாயிலும் அத்தகைய சட்டம் வந்தது. இலங்கையில், திருகோணமலையில் குண்டு விழுந்த அதே 1942ஆம் ஆண்டில், 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

1948இல் இதற்குப் பதிலாக 29ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1941 நவம்பர் மாதத்தில் நடைமுறையிலிருந்த உள்ளூராட்சி மதிப்பீட்டின்படி ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி எதுவோ, அதுவே அவ்வீட்டின் நியம வாடகைக்கு அடிப்படையாகும் என்று அது வகுத்தது. அனுமதிக்கப்பட்ட சில கூட்டல்களைத் தவிர, வீட்டுக்காரர் மேலதிகம் கேட்கலாகாது. சட்டம் கூறும் காரணமின்றி வாடகைக்காரரை எழுப்பவும் இயலாது. யுத்தத்தினால் உண்டான தட்டுப்பாட்டைக் கொண்டு ஏழை உத்தியோகத்தரையும் தொழிலாளரையும் பிழிவது அநீதி என்பதனாலேயே இச்சட்டம் வந்தது. அந்த நோக்கத்தைக் குறைகூற எவராலும் இயலாது.

ஆயினும் ஒரு நெருக்கடிக்கென வந்த சட்டம் நெருக்கடி தீர்ந்தபின்னும் நின்றது. பண்டங்களின் விலை ஏற, வாடகை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஆகும் செலவு ஓராண்டு வாடகையை விழுங்குமாயின், எந்த வீட்டுக்காரர் பழுது பார்ப்பார்? 1947ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 1940ஆம் ஆண்டு வாடகையில் கட்டுண்ட பம்பாய் நகரக் கட்டடங்கள் பல இவ்வாறே சிதைந்தன. அவற்றைத் திருத்துவதற்கென 1969இல் சட்டமியற்றி அரசே தனிச் சபை ஒன்றை நிறுவ நேர்ந்தது. வாடகைக்காரரைக் காக்க வந்த சட்டம், இறுதியில் அவரை ஒழுகும் கூரையின் கீழ் இருத்திவிட்டது.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், நியம வாடகையின் அடிப்படையை 1968ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்கு மாற்றியது. வாடகைக்காரரின் பாதுகாப்பையும் வலுப்படுத்தியது. வாடகைக்காரர் இறந்தால், அவ்வீட்டில் வாழ்ந்த அவர் குடும்பத்தினருள் ஒருவர் அவ்வுரிமையைத் தொடரலாயிற்று. அதனையடுத்து 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கே எல்லை வகுத்தது. பெற்றோரும் அவர்களில் தங்கிவாழும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமாயின், பிள்ளைகளின் தொகையோடு இரண்டு வீடுகள். தனியாளாயின் இரண்டு வீடுகள். மேலதிகமானவை தேசிய வீடமைப்பு ஆணையாளரைச் சேர்ந்தன. நீண்ட காலம் வாடகைக்கு இருந்தோர் பலர் இவ்வாறு வீட்டுக்கு உரிமையாளராயினர். கடன்பட்டுச் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை இழந்தோரும் உண்டு.

கிழக்கிலங்கைத் தமிழ்க் குடும்பங்களில், மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென வீடு கட்டுவது வழக்கம். மகள் சிறியவளாயிருக்கும்போதே வீட்டைக் கட்டி, மணநாள் வரை வாடகைக்கு விடுவார் தந்தை. மணநாள் நெருங்குகையில், வேறு வீடு கிடைக்காத வாடகைக்காரர் சட்டத்தின் பாதுகாப்பைக் காட்டி நின்றால், ஒரு குடும்பத்தின் கல்யாணம் தடைப்படும். அவரை எழுப்பினாலோ, மற்றொரு குடும்பம் தெருவில் நிற்கும். இருபுறத்திலும் நியாயம் உண்டு. வாடகைச் சட்டத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு நியாயங்களுக்கிடையே நடந்த போராட்டமே.

பின்னர் காற்றுத் திசை மாறியது. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அவ்வாண்டு ஜனவரி 1ஆம் திகதிக்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்படும் வசிப்பிடங்களை வாடகைச் சட்டத்தின் கட்டுப்பாட்டினின்று விடுவித்தது. புதிய வீடுகள் எழவேண்டும் என்பதே அதன் நோக்கம். 2002இல் மேலும் திருத்தங்கள் வந்தன. குத்தகைக் காலம் முடிந்தபின்னும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைந்து மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. எனவே பழைய வீடொன்றை வாங்குவோர், அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அதில் யார் எப்போதிருந்து குடியிருக்கின்றனர் என்பவற்றை விசாரித்தறிய வேண்டும். ஒல்லாந்தர் விட்டுச்சென்று, 1799இல் பிரித்தானியர் பிரகடனத்தால் நிலைநிறுத்திய உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் ‘வாடகை விற்பனைக்கு முந்தியது’ என்றொரு விதி உண்டு. வீட்டை வாங்குபவர், முறைப்படி குடியிருக்கும் வாடகைக்காரரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் கருத்து.

காணியின் உரிமையையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் உறுதிக் காணிகளும் உண்டு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தால் வழங்கப்பட்ட அரச காணிகளும் உண்டு. அனுமதிப்பத்திரக் காணியைத் தன் விருப்பப்படி விற்கவோ குத்தகைக்கு விடவோ இயலாது. பிரதேச செயலகத்தில் விசாரியாமல் அத்தகைய காணியில் பணத்தைப் போடுதல் ஆகாது. உறுதிக் காணியாயினும், காணிப் பதிவகத்தில் அதன் பதிவுகளைத் தேடிப் பார்த்தபின்னரே கையொப்பமிட வேண்டும்.

உடன்படிக்கையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டு, ஈராண்டுக் குத்தகை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பிற்பாடு நீதிமன்றத்தில் வருந்துவர். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

1983 முதல் 2009 வரை நீண்ட யுத்தமும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்து மக்களை வீடு வளவு விட்டு ஓடச் செய்தன. பத்தாண்டு தடையின்றி எதிருரிமையோடு இருந்தவருக்கு ஆட்சியுரிமை கொடுப்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம். யுத்தத்தினால் தம் காணிக்குத் திரும்ப இயலாதிருந்தோருக்கு அது பெருந்தீங்காயிற்று. அவர்களுக்கு நிவாரணம் தரவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வெளிநாட்டில் வாழும் உரிமையாளர் இதனை மறத்தலாகாது. வீட்டைப் பார்க்க நம்பிக்கையான ஒருவரை நியமித்து, உறுதி, வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வேறோரிடத்திலும் பேணுதல் அறிவுடைமை.

இனிக் கணக்கு. எடுத்துக்காட்டாக, காணியும் வீடும் சேர்ந்து 100 இலட்சம் ரூபா என்றும், மாத வாடகை 30,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 360,000 ரூபா. அதில் ஒரு மாதம் வீடு வெறுமையாய்க் கிடந்தால் 30,000 போகும். பழுது பார்க்க 40,000, சோலைவரியும் பிற செலவும் 10,000 எனக் கழித்தால், எஞ்சுவது 280,000 ரூபா. அதாவது நூற்றுக்கு 2.8 வீதம். இதனை வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காணியின் விலை உயரலாம் என்பது உண்மையே. ஆனால் விற்கும் நாள்வரை அது கையில் வராத பணம். வட்டிக்குக் கடன் எடுத்துக் கட்டுவோர், வாடகை கடனை அடைக்குமா என்பதைக் கட்டுமுன் எழுதிப் பார்ப்பது நன்று.

பணத்தின் பெறுமதியும் கணக்கிற் சேரவேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. மூன்றாண்டுக்கு ஒரே வாடகையென எழுதிக்கொடுத்தவர் அப்பொழுது நட்டமடைந்தார். வாடகைக்காரரின் சம்பளமோ அவ்வாறு ஏறவில்லை. ஆண்டுதோறும் இவ்வளவு உயரும் என்று இருவரும் முன்கூட்டியே இணங்கி எழுதியிருந்தால் இருவருக்கும் நலம்.

இறுதியாக நாணயம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் முற்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கியது. அச்சட்டத்துக்கு அகப்படாத வீட்டிலும் அவ்வளவே மரியாதையான அளவு. வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். கதவு, பூட்டு, நீர்க்குழாய், மின்மானி ஆகியவற்றின் நிலையை வீடு கையளிக்கும் நாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். மாரிக்கு முன் கூரையையும், கோடைக்கு முன் கிணற்றையும் பார்ப்பது வீட்டுக்காரர் கடமை. வாடகையை நாள் தவறாது கொடுப்பதும், வீட்டைத் தன் வீடுபோற் காப்பதும் வாடகைக்காரர் கடமை. ஒழுங்கான குடும்பம் ஒன்று ஆறேழு ஆண்டு தங்குமாயின், இடையிலே வீடு வெறுமையாகும் நட்டமும் தரகும் வெள்ளையடிப்பும் மிச்சமாகும். ஆகவே அத்தகையோரிடம் சிறிது குறைவாக வாடகை வாங்குவதும் இலாபமே.

கிளாஸ்கோவிலும் பம்பாயிலும் கொழும்பிலும் அரசு வீட்டு வாசலுக்கு வந்தது, உரிமையாளர் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி எல்லை மீறியபோதே. சட்டம் எல்லை மீறியபோது வீடுகள் சிதைந்து, புதியவை எழாது போயின. அன்புவழிபுரத்தில் இரண்டு அறை வீடொன்றைக் கட்டி வாடகைக்கு விட நினைப்பவர் இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, உறுதியைப் பார்த்து, கணக்கை எழுதி, நொத்தாரிசிடம் சென்று, நியாயமான வாடகை கேட்பாராயின், அவர் வீடும் நிலைக்கும். அதில் வாழும் குடும்பமும் நிம்மதியாய் வாழும்.