பெருவழிப் பெயர்களும் கோட்டாறும்

பெருவழி: பண்டைத் தமிழகத்தின் நெடுஞ்சாலை. அதற்கு அரசன் பெயரையோ குடிப்பெயரையோ சூட்டுவது வழக்கம். கோவை அருகே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற ராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் உள்ளது. அந்த ராசகேசரியை முதலாம் ஆதித்த சோழன் என்பர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இன்னும் சுவையானது. நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்வதோடு, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாத வணிகனும் விரலால் தடவித் தொலைவை அறியலாம்.

நாஞ்சில் நாட்டுக் கோட்டாறு இவ்வகை வழிகளின் தென்கோடிச் சந்தை நகரம். பாண்டிய, சேர நாடுகளை வென்ற முதலாம் குலோத்துங்கன் (1070–1120) தெற்கே வழிகள்தோறும் படைக் குடியேற்றங்களை நிறுவினான். அவற்றுள் பெயர்பெற்றது கோட்டாற்று நிலைப்படை. சோழர் காலத்தில் ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயர் மறைந்துவிட்டது, கோட்டாறு நிலைத்தது. ஆணையால் வந்த பெயரை விடச் சந்தைக்கு வருவோர் வாயில் புழங்கிய பெயருக்கே ஆயுள் அதிகம்.

இன்றைய சாலைகளுக்கு எண்தான் பெயர். கோட்டாற்றை உள்ளடக்கிய நாகர்கோவில் வழியே கன்னியாகுமரிக்குச் செல்லும் பழைய 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இப்பகுதி, 2010இல் எண்கள் மாற்றப்பட்டபின் 66 ஆனது. வழிகாட்டிப் பலகையில் எண்ணுக்குக் கீழே ஒரு பழம்பெயரையும் எழுத நெடுஞ்சாலைத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது.