புகையிலை எச்சரிக்கைப் படங்கள்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கில்

சிகரெட் பெட்டி, பீடிக்கட்டு, மெல்லும் புகையிலைப் பொட்டலம் ஆகியவற்றின் மேல் சட்டப்படி அச்சிடப்படும் நோய்ப்படமும் வாசகமும் எச்சரிக்கைப் படம் எனப்படும். இதை 2001இல் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு கனடா.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும் எழுத்து எச்சரிக்கையை விதித்தது; பீடியை விட்டுவிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் புகையிலைப் பொருள்களையும் உள்ளடக்கியது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2006இல் படங்களுக்கான விதிகள் வெளியாயின. பீடித் தொழில் தரப்பின் எதிர்ப்புக்குப் பின் மண்டையோட்டுக் குறி கட்டாயமில்லை என்றாகி, 2009 மே 31 முதல் முன்பக்கத்தில் 40 விழுக்காடு அளவில் படம் வந்தது. மெல்லும் புகையிலைக்குத் தரப்பட்ட படம் ஒரு தேள்! தேளைப் பார்த்தவருக்கு வாய்ப்புற்று எப்படி நினைவுக்கு வரும்?

2014இல் அறிவிக்கப்பட்ட 85 விழுக்காடு அளவு, இழுபறிகளுக்குப் பின் 2016 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஐடிசி உள்ளிட்ட சிகரெட் நிறுவனங்கள் சில காலம் ஆலைகளை மூடின. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

படத்துக்கு ஆதரவான வலுவான வாதம் மொழியைச் சார்ந்தது. பெட்டியில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த இராஜபாளையத்து மில் தொழிலாளிக்கு அந்த வாசகம் எதையும் சொல்லாது. அழுகிய தொண்டையின் படம் சொல்லும். 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், எச்சரிக்கையைப் பார்த்துப் பழக்கத்தை விட நினைத்ததாகச் சொன்னவர்கள் சிகரெட் பிடிப்போரில் சுமார் 62 விழுக்காடு, பீடி பிடிப்போரில் 54 விழுக்காடு. நினைத்தவரெல்லாம் விட்டவரல்லர் என்பதும் உண்மை.

எதிர்வாதங்களில், படமில்லாத கடத்தல் சிகரெட்டுக்குச் சந்தை பெருகும் என்பது ஒன்று. மற்றொன்று பிழைப்பு. இராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவை கூலி உயர்வும் மாற்று வேலையும்; படத்தைச் சிறிதாக்கினால் இவை கிடைத்துவிடாது.

யாரும் அதிகம் பேசாத ஆட்சேபம் சில்லறை விற்பனை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் கேட்பவர் கைக்குப் பெட்டி வருவதே இல்லை. படத்தை நாள் முழுதும் பார்ப்பவர் கடைக்காரர்தான். 2018 செப்டம்பரிலிருந்து அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணுக்கும் இதே கதி. படத்தின் அளவுக்காக நடந்த வழக்குகளில் பாதி உழைப்பையாவது சில்லறை விற்பனையைத் தடுப்பதில் காட்டியிருக்கலாம்.