பிச்சாண்டார்கோயிலிலிருந்து சேலத்துக்கு

சேலத்தின் ஏற்காடு சாலையில், பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் நினைவுதான். திருச்சிப் பக்கம் பிச்சாண்டார்கோயிலில் பிறந்தவர். அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துக் கை பழகினார். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி அது. சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் அதில் பேசாது என்று 1940இல் வானொலி அதை விலக்கி வைத்தது. அதே ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ படத்துக்கு இசையமைத்தவர் இந்த ஆர்மோனியக்காரர்!

1950இல் அவர் இசையில், அதே நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’. அதில் மலை உச்சிக்குப் போகும் காட்சியின் பாட்டைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுவார்கள். கதையில் கணவன் மனைவியைக் கொல்லத்தான் அங்கே அழைத்துப் போகிறான். மெட்டோ தேனாக இனிக்கும். அதைக் கேட்டால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. கர்நாடக ராகத்தை டீக்கடை ரேடியோ வரைக்கும் கொண்டுவந்தவர் அவர். 1963இல் மறைந்தார். படப்பிடிப்புத் தளங்கள் போய்விட்டன, வளைவு நிற்கிறது.