இரண்டு விடுமுறை நாட்களும் ஒரு வேலையும்

நம் தெருவில் ஒருவரை "ஜெயிச்சிட்டான்" என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்: அரசு வேலை கிடைத்துவிட்டது. குரூப் 4 ஆனாலும் சரி, ரயில்வே ஆனாலும் சரி. இதைக் கேலி செய்வது சுலபம். பணத்தைத் துரத்தாதே, மனதுக்குப் பிடித்ததைச் செய் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு விழுந்தாலும் தாங்க நிலமோ வீடோ இருக்கிறது. நம் வீட்டு முதல் பட்டதாரிக்கு மாதச் சம்பளம் என்பது யார் வாசலிலும் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கான வழி. எனவே 'வெற்றி' என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டுமென்றால், அதை நம் வரலாற்றிலிருந்தே தேட வேண்டும். அந்த விவாதம் நம் இயக்கத்தில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

இந்த வேலைகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குவோம். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அம்பேத்கர். அடுத்த ஆண்டே மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. 1970இல் அது 15 சதவீதம் ஆனது, பழங்குடியினருக்கு 7.5. இன்று நாம் 'படித்து மேலே வந்தவர்கள்' என்று சொல்லும் கூட்டம் முழுக்க இந்தக் கதவு வழியாக வந்ததுதான். தனிமனிதத் திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய கதவின் முன்னால் அந்தத் திறமை ஆயிரம் ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவருக்கே கடைசியில் கசப்புதான் மிஞ்சியது. 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசியபோது, படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள், வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குமாஸ்தாக் கூட்டமாகி நிற்கிறார்கள் என்று அவர் வருந்தியதாக இயக்க நினைவில் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அந்த 1956இல்தான் பஞ்சாபின் ரோபரில் ஓர் இளைஞர் பி.எஸ்ஸி. முடித்தார். ராம்தாசியா சீக்கியக் குடும்பம். சில காலத்தில் பூனாவில், பாதுகாப்புத் துறையின் வெடிபொருள் ஆராய்ச்சி ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. நம் தெருக் கணக்கில் கன்ஷிராம் அப்போதே ஜெயித்துவிட்டார். ஆய்வகத்தில் வேலை, மத்திய அரசுச் சம்பளம், முடிவில் ஓய்வூதியம். அந்தக் காலத்தில் அம்பேத்கரைப் பற்றி அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

1960களின் நடுவில் அந்த ஆய்வக நிர்வாகம் அம்பேத்கர் பிறந்தநாள், புத்தர் பிறந்தநாள் இரண்டுக்கும் இருந்த விடுமுறையை ரத்து செய்தது. அதை எதிர்த்தவர் தீனாபானா. ராஜஸ்தானைச் சேர்ந்தவர், துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர், நான்காம் நிலை ஊழியர். அவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். இழக்க ஒன்றுமில்லாதவர்தானே போராடுவார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்காம் நிலை ஊழியருக்கு அந்த வேலை மட்டும்தான் இருந்தது, அதைத்தான் அவர் பணயம் வைத்தார். பட்டம் பெற்ற அதிகாரிகள் பலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது கன்ஷிராம் தீனாபானா பக்கம் போய் நின்றார். கடைசியில் விடுமுறைகள் திரும்பி வந்தன. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த டி.கே. காபர்டே அந்த நாட்களில் கன்ஷிராம் கையில் ஒரு நூலைக் கொடுத்தார்: அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு', 1936இல் வெளியானது. ('குடி அரசு' வழியாக 1930களிலேயே தமிழுக்கு வந்த அதே நூல்தான். பஞ்சாபில் வளர்ந்த ஓர் இளைஞருக்கு அது கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.)

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் மேடைகளில் அதிகம் பேசுகிறோம். வேலையை விட்டார். திருமணம் செய்துகொள்ள மாட்டேன், வீட்டுக்குத் திரும்ப மாட்டேன், சொத்து சேர்க்க மாட்டேன் என்று குடும்பத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டைப் பற்றியும் நாம் பேச வேண்டும். அங்கே மூத்த பிள்ளையை நம்பி ஒரு தாய் இருந்தார். அம்பேத்கர் 1920 முதல் 1923 வரை லண்டனில் படித்தபோது பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்து 1935இல் அவரும் போய்விட்டார். தலைவர்களின் தியாகத்துக்கான விலையில் பெரும்பங்கை வீட்டிலிருந்த பெண்கள்தான் கட்டியிருக்கிறார்கள். இன்று ஒரு தம்பியோ தங்கையோ "வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வருகிறேன்" என்று சொல்லும்போது, சரி வா என்று உடனே சொல்ல நமக்கு வாய் வராததற்கு இதுவே காரணம்.

உண்மையில் கன்ஷிராமே மற்றவர்களிடம் அதைக் கேட்கவில்லை. இதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். 1971இல் பூனாவில் அவரும் தோழர்களும் ஓர் ஊழியர் நலச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்து 1978 டிசம்பர் 6 அன்று டெல்லியில் முறைப்படி தொடங்கப்பட்டது பாம்செஃப்: பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த ஊழியர்களின் கூட்டமைப்பு. 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி மத்திய அரசு ஊழியர் அரசியல் கட்சியில் சேர முடியாது. அந்தத் தடையை வைத்தே அமைப்பின் வடிவம் தீர்மானிக்கப்பட்டது. அரசியல் செய்யாது, போராட்டத்தில் இறங்காது, மதம் பேசாது. சிந்தனைக்கும் திறமைக்கும் நிதிக்கும் ஒரு வங்கி போல இருக்கும். வேலையில் இருப்பவர் வேலையிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு தொகை, கொஞ்சம் நேரம், கற்ற படிப்பு ஆகியவற்றைச் சமூகத்துக்குத் திருப்பித் தரட்டும் என்பதே கோரிக்கை.

இதை நன்கொடை என்று அவர்கள் சொல்லவில்லை, திருப்பிச் செலுத்துதல் என்றார்கள். நன்கொடை என்றால் கொடுப்பவருக்குப் பெருமை வந்துவிடும், கடன் என்றால் கொடுத்த பிறகும் தலை நிமிராது. உன் வேலை உன்னுடைய பரிசு அல்ல, ஒரு இயக்கம் உன் பெயரில் வைத்திருக்கும் கணக்கு என்று ஒரு தலைமுறை ஊழியர்களை நம்பவைத்தது அந்த ஒரு சொல். வட இந்தியாவின் தந்தி அலுவலகங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் மாலை நேரக் கூட்டங்கள் நடந்தன. அந்த ஊழியர்களின் காசிலும் உழைப்பிலும் முதலில் 1981இல் டிஎஸ்4 எழுந்தது, பிறகு 1984 ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சி.

குறைகளும் இருந்தன. கட்சி பிறந்ததும் ஊழியர் அமைப்பு பின்னுக்குப் போனது. 1980களின் நடுவில் கன்ஷிராம் ஒரு பக்கமும் காபர்டே உள்ளிட்டோர் இன்னொரு பக்கமும் ஆனார்கள். அதன்பின் பாம்செஃப் பலமுறை பிளந்தது. அமைப்பின் கட்டுமானமே சம்பளக்காரர்களை மையமாக வைத்தது என்பதால் கூலித் தொழிலாளிக்கும் வீட்டில் உழைக்கும் பெண்ணுக்கும் அதில் என்ன இடம் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. தீனாபானாவைப் போல ஒரு கடைநிலை ஊழியர் தொடங்கிவைத்த கதையில் இது வேடிக்கையான முரண்.

இன்று அந்தக் கணக்கே சுருங்கிவருகிறது. துப்புரவுப் பணி ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது, பொதுத்துறைகள் விற்கப்படுகின்றன, தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. ஐடி நிறுவனத்தில் சாதியை மறைத்து வேலை பார்க்கும் நம் பிள்ளை யாருக்கு எதைத் திருப்பித் தருவது? மாதச் சந்தா மட்டும் கேட்டால் அவர் ஜிபேயில் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

நாம் வேலை செய்யும் பகுதிகளில் விடுதி மாணவர்களுக்குச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிக் கலந்தாய்வு மூன்றிலும் உதவ ஆளில்லாமல் வருடா வருடம் சிலர் படிப்பை விடுகிறார்கள். வேலையில் சேர்ந்த அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் பணத்துக்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை. ஆதிதிராவிடர் நல விடுதியில், அவர்கள் ஒருகாலத்தில் உட்கார்ந்து படித்த அதே வராந்தாவில்.