சென்னை மார்கழி இசை விழா: மாற்றங்களும் மாறுபட்ட கருத்துகளும்

சென்னை மார்கழி இசை விழா என்பது ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்திலும் சனவரி முதல் வாரத்திலும் சென்னையில் நடைபெறும் கருநாடக இசை, பரதநாட்டிய நிகழ்ச்சிகளின் தொகுப்பாகும். இது 'டிசம்பர் சீசன்' என்றும் 'மார்கழி சீசன்' என்றும் அழைக்கப்படுகிறது. இதனை நடத்துவது ஒரே அமைப்பு அன்று. பல சபாக்கள் தத்தம் அரங்குகளில் தனித்தனியே விழா எடுக்கின்றன. அவை ஒரே காலத்தில் நிகழ்வதால் மொத்தமும் ஒரே பெருவிழாவாகக் கருதப்படுகிறது. ஒரு பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைத்துறைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது.

இவ்விழா தொடங்கிய நாள் முதலே அதைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருந்து வருகின்றன. எந்த மொழியில் பாடுவது, யார் மேடை ஏறுவது, யார் கேட்பது ஆகிய மூன்று கேள்விகளே அவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை விழாவின் வரலாற்றை அக்கேள்விகளின் வழியாகத் தொகுத்துக் கூறுகிறது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டு வரை கருநாடக இசைக்குக் கோயில்களும் அரசவைகளும் சமீன்தார் மாளிகைகளுமே புகலிடமாக இருந்தன. அரசவைகளின் ஆதரவு குறைந்தபோது கலைஞர்கள் சென்னையை நோக்கி வந்தனர். வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், வணிகர்கள் ஆகியோர் கூடிச் சபாக்களை அமைத்தனர். உறுப்பினர் சந்தாவும் நுழைவுச் சீட்டும் புரவலரின் இடத்தைப் பிடித்தன.

1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு சென்னையில் நடைபெற்றது. அதனோடு ஓர் அகில இந்திய இசை மாநாடும் கூட்டப்பட்டது. இசைக்கென ஒரு கழகம் வேண்டும் என்று அம்மாநாட்டில் எழுந்த கருத்தின் பயனாக, 1928 ஆகத்து 18ஆம் நாள் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. சர் சி. பி. இராமசாமி ஐயர் அதனைத் தொடங்கி வைத்தார். மாநாட்டை எந்த மாதத்தில் நடத்துவது என்பது தொடக்கத்தில் உறுதிப்படவில்லை. நீதிமன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கிறித்துமசு விடுமுறை வரும் டிசம்பர் பிற்பகுதி பின்னர் நிலைபெற்றது. அகாதெமியைப் பின்பற்றிப் பிற சபாக்களும் அதே நாட்களில் விழா நடத்தத் தொடங்கின. மார்கழி மாதத்துப் பசனை மரபும் இதற்குப் பொருந்தி வந்தது. எனினும் நாட்காட்டியை முடிவு செய்ததில் விடுமுறைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறத்தல் கூடாது.

1950களில் மேலும் பல சபாக்கள் தோன்றின. 1962இல் அகாதெமிக்குச் சொந்த அரங்கம் கிடைத்தது. விழாவின் இன்றைய அமைப்பு இக்காலத்தில் உருவானதே எனலாம்.

நாட்டியம் பற்றிய விவாதம்

விழாவைப் பற்றிய முதல் பெரிய கருத்து மோதல் இசையைக் குறித்து அன்று, நாட்டியத்தைக் குறித்தே எழுந்தது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடி வந்த காலம் அது. அவர்களின் ஆட்டத்தைப் பொதுமேடையில் ஆதரிப்பது அம்முறையையே ஆதரிப்பதாகும் என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். கலை வேறு, சமூகக் கொடுமை வேறு என்பது மறுதரப்பின் வாதம். மறுதரப்பில் முன்னின்றவர் அகாதெமியின் செயலாளர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். இவர் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்தவர்.

1931 மார்ச்சில் கல்யாணி மகள்கள் எனப்படும் சகோதரியரின் ஆட்டத்தை அகாதெமி ஏற்பாடு செய்தது. 1932இல் இவ்விவாதம் நாளிதழ்களில் கடிதப் போராக வெடித்தது. 'சதிர்' என்ற பெயர் விலகிப் 'பரதநாட்டியம்' என்ற பெயர் நிலைபெற்றதும் இக்காலத்தில்தான். 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கலை காப்பாற்றப்பட்டது என்று ஒரு சாரார் இதனை மதிப்பிடுகின்றனர். கலை பிழைத்தது, ஆனால் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள் மேடையிலிருந்து மறைந்தன என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இவ்விரண்டில் ஒன்று மட்டுமே உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை.

மொழி பற்றிய விவாதம்: தமிழிசை இயக்கம்

அரியக்குடி இராமானுச ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை 20ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பின்பற்றப்பட்டது. வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், இராக ஆலாபனை, தனி ஆவர்த்தனம் என்று சென்று, இறுதியில் சிறு பாடல்களுடன் நிறைவு பெறுவது அம்முறை. இறுதியில் வரும் சிறு பாடல்களுக்குத் 'துக்கடா' என்று பெயர். தெலுங்கு, சமற்கிருதக் கீர்த்தனைகள் நடுவில் அமர, தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் துக்கடாவாக ஒதுங்கின. தமிழிசை இயக்கத்தின் மனக்குறை இங்கிருந்தே பிறந்தது.

இதற்கு முன்னோடியாகக் கருதத்தக்கவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). இன்றைய தென்காசி மாவட்டத்தின் சாம்பவர் வடகரையில் பிறந்த இவர், தஞ்சாவூரில் சித்த மருத்துவராக விளங்கினார். 1912இல் இசைச் சங்கம் ஒன்றை நிறுவித் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், பழந்தமிழ் இசை இலக்கணத்துக்கும் கருநாடக இசைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். சென்னையில் விழா தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இசை மாநாடு கூட்டியவர் என்பது இவருக்குரிய சிறப்பு.

1940களின் தொடக்கத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களுக்கு ஊக்கமளிக்கும் முயற்சியை முன்னெடுத்தார். 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. இராசாசி, கல்கி, ஆர். கே. சண்முகம் செட்டியார், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் ஆதரித்தனர். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி, பாட்டின் பொருள் கேட்பவரின் உள்ளத்தில் படாவிட்டால் இசை முழுமை பெறாது என்னும் நோக்கில் வாதிட்டார். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரி விமரிசனம் எழுதிவந்த கல்கி, இயக்கத்தின் வலிமையான எழுத்துத் துணையாக விளங்கினார்.

எதிர்த்தரப்பும் காரணம் காட்டியது. இசைக்கு மொழி முதன்மையன்று, நாதமே முதன்மை. மொழியைக் கணக்கில் கொண்டால் தரம் தாழும் என்பது அதன் நிலை. அகாதெமியும் 1941இல் இதே கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழில் பாடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை, கட்டாயத்தையே எதிர்க்கிறோம் என்று சிலர் விளக்கம் தந்தனர். கட்டாயப்படுத்தவில்லை, துக்கடாவாக ஒதுக்காதீர்கள் என்றே கேட்கிறோம் என்பது தமிழிசையாளரின் மறுமொழி.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அது டிசம்பர் மாதத்திலேயே தனி விழா எடுத்தது. 1949 முதல் தேவாரப் பண்களைக் குறித்த பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்தி வருகிறது. நாளடைவில் பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதியார், ஊத்துக்காடு வேங்கடகவி, பாரதியார் ஆகியோரின் பாடல்கள் எல்லாச் சபா மேடைகளிலும் இடம்பெற்றன. இருப்பினும் கச்சேரியின் மையப் பாடல் தமிழில் அமைவது இன்றும் குறைவே என்ற மனக்குறை நீடிக்கிறது.

மேடையில் யார்?

அகாதெமியின் 'சங்கீத கலாநிதி' விருது 1942 முதல் வழங்கப்படுகிறது. அதன் வரிசையே ஒரு சமூக வரலாறாகும். மிருதங்கக் கலைஞர் ஒருவர் இவ்விருதைப் பெற 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பாலக்காடு மணி ஐயர். பெண் இசைக்கலைஞர் ஒருவர் பெற 1968 வரை ஆயிற்று. அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. அதன்பின் டி. கே. பட்டம்மாள், டி. பாலசரசுவதி, டி. பிருந்தா, எம். எல். வசந்தகுமாரி ஆகியோர் அடுத்தடுத்துப் பெற்றனர். ஒரு கதவு திறக்க நாளாகிறது. திறந்தபின் பலர் நுழைகின்றனர் என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

நாகசுரத்தின் நிலை வேறு. பல சபாக்களில் தொடக்க நாளின் மங்கல இசையாக நாகசுரம் ஒலிக்கிறது. ஆனால் மாலை நேர முதன்மைக் கச்சேரியாக அது அமைவது அரிது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் இராக ஆலாபனையைப் பாடகர்களே வழிகாட்டியாகக் கொண்டனர் என்பது யாவரும் அறிந்தது. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிச் சீமையின் பெருமை. சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற திருவிழாக்களில் நாகசுரத்தைக் கேட்க யாரும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் ஊரே கேட்ட இசை, மூடிய அரங்கில் ஓரத்துக்குச் சென்றது ஏன் என்ற கேள்விக்கு இருவகை விடை கூறப்படுகிறது. ஒன்று, நாகசுரத்தின் ஓசை அரங்குக்கு ஒவ்வாது என்பது. மற்றொன்று, அதனை வாசிப்போரின் சாதி சபாக்களை நடத்துவோரின் சாதியன்று என்பது. முதல் விடை மட்டும் போதுமானதாக இல்லை. ஏனெனில் அதே அரங்குகளில் பிற இசைக்கருவிகள் ஒலிபெருக்கியின் துணையோடு உரத்தே ஒலிக்கின்றன.

2015இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா டிசம்பர் விழாவில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தபோது சாதி பற்றிய இவ்விவாதம் பொதுவெளிக்கு வந்தது. அதே ஆண்டில் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் பகுதியில் கருநாடக இசையும் மக்கள் கலைகளும் ஒரே மேடையில் இடம்பெறும் விழா தொடங்கப்பட்டது. 2018இல் பாலியல் தொல்லை குறித்த புகார்கள் எழுந்ததையடுத்து, அகாதெமி ஏழு கலைஞர்களை அவ்வாண்டு விழாவிலிருந்து நீக்கியது. 2024ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது டி. எம். கிருஷ்ணாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவருடைய கருத்துகளை ஏற்காத சில முன்னணிக் கலைஞர்கள் அவ்வாண்டு அகாதெமி விழாவிலிருந்து விலகினர். இசைத்திறனே விருதுக்கு அளவுகோல் என்பது அகாதெமியின் நிலைப்பாடாக இருந்தது.

அளவும் வடிவமும்

முன்பு நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நீண்ட கச்சேரிகள் இன்று இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் முடிகின்றன. அடுத்த கச்சேரிக்கு அரங்கை ஒழித்துத் தர வேண்டியிருப்பதே இதற்கு முதற்காரணம். இராகத்தை விரித்துப் பாட இடமில்லை என்று மூத்த இரசிகர்கள் வருந்துகின்றனர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலைக்கு எழுந்து செல்லும் வழக்கம் தாளக் கலைஞர்களின் நெடுநாளைய மனவருத்தமாகும்.

காலையிலும் நண்பகலிலும் நடைபெறும் இளையோர் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு வேண்டும். நண்பகலில் சில பத்துப் பேர் அமர்ந்திருக்க இளைஞர் பாடுவதும், மாலையில் இடம் கிடைக்காமல் மக்கள் திரும்புவதும் ஒரே அரங்கில் ஒரே நாளில் காணக்கூடியவை. நிகழ்ச்சிகள் மிகுந்து தரம் நீர்த்துவிட்டது என்பது ஒரு கருத்து. இவ்வளவு மேடைகள் இல்லாவிடில் புதியவர்க்கு இடமேது என்பது மறு கருத்து. வெளிநாடுவாழ் தமிழர்களின் பிள்ளைகள் இங்கு வந்து அரங்கேறுவதைக் கலை பரவுவதன் அடையாளமாகச் சிலர் காண்கின்றனர். வசதி உள்ளவர்க்கே வாய்ப்பு என்னும் நிலை வந்துவிடுமோ என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர்.

புளியங்குடி, கடையநல்லூர் போன்ற ஊர்களில் உள்ளோர்க்கு இவ்விழா நெடுங்காலம் வானொலி வழியாகவும் வார இதழ்களின் விமரிசனம் வழியாகவுமே அறிமுகம். செங்கோட்டையிலிருந்து இரவு வண்டியேறிச் சென்னை சென்று கேட்டவர் மிகச் சிலர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சபாக்கள் இணையவழிக் கச்சேரிகளை நடத்தியபோது இந்தத் தொலைவு குறைந்தது. நேரில் கேட்பதன் சுவை இதில் இல்லை என்பது மெய்யே. ஆனால் நேரில் கேட்க வழியே இல்லாதவருக்கு அவ்வொப்பீடு பொருந்தாது.

மாற்று விழாக்கள்

2007இல் தொடங்கிய 'சென்னை சங்கமம்' கரகாட்டம், ஒயிலாட்டம், வில்லுப்பாட்டு முதலிய மக்கள் கலைகளைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோன இவ்விழா 2023இல் அரசின் சார்பில் மீண்டும் நடத்தப்பட்டது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கிக் கானா, ஒப்பாரி முதலியவற்றை மேடையேற்றியது. மார்கழி என்ற பெயரையே எடுத்துக்கொண்டது, அம்மாதம் எல்லாருடைய இசைக்கும் உரியது என்னும் கருத்தை வலியுறுத்துவதாகும்.

மதிப்பீடு

ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றை நோக்கும்போது ஒரு போக்கு புலப்படுகிறது. மனக்குறை எழுந்தபோது பழைய மேடை உடனே மாறவில்லை. பக்கத்தில் ஒரு புதிய மேடை எழுந்தது. தமிழ் இசைச் சங்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மார்கழியில் மக்களிசை ஆகியவை இவ்வாறு தோன்றியவை. புதிய மேடையின் தாக்கத்தால் பழைய மேடை பின்னர் மெல்ல மாறியது. தமிழ்ப் பாடல்கள் சபாக்களில் பெருகியதே இதற்குச் சான்று. ஆனால் இம்முறையில் மாற்றம் வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை காத்திருக்க முடியாத கலைஞரின் வாழ்நாள் அதற்குள் முடிந்துவிடுகிறது.

விழாவைப் போற்றுவோரும் குறை கூறுவோரும் இசையை விரும்புவோரே. ஒரு சாரார் அதன் தரம் குன்றிவிடக் கூடாதே என்று கவலைப்படுகின்றனர். மற்றொரு சாரார் அது சிலருக்கே உரியதாகிவிடக் கூடாதே என்று கவலைப்படுகின்றனர். சாம்பவர் வடகரையில் பிறந்த ஒருவர் இசை இலக்கணத்தை ஆராய்ந்து மாநாடு கூட்டியதையும், குற்றாலத்தில் இருந்த ஒருவர் சென்னை மேடையின் மொழியைக் கேள்வி கேட்டதையும் நினைவில் கொண்டால், இவ்விழாவின் வரலாறு சென்னைக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.