குணசிங்காவும் வெள்ளவத்தை ஆலையும்

இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்படுபவர் ஏ. ஈ. குணசிங்கா. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்த அவர், 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டின் பொது வேலைநிறுத்தமும், 1927இல் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் எழுந்த போராட்டமும், 1929இன் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அவர் பெயரை நிலைநாட்டின. தஞ்சைத் தமிழரான கோ. நடேசய்யர் தொடக்க காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை அருகிய அந்நாளில் குணசிங்கா முதலாளியை விட்டு மலையாளத் தொழிலாளரைச் சாடத் தலைப்பட்டார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராயிருந்த அவ்வாலையின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா என்னும் இளம் வழக்கறிஞர். குணசிங்காவோ அதனை முறியடிக்க முனைந்தோர் பக்கம் நின்றார்.

பதவியே அவரை மாற்றிற்று என்பர் சிலர். அது பொருந்தாது. 1947இல் மத்திய கொழும்பிலிருந்து பாராளுமன்றம் புகுந்த பின்னரே டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் இலாகா இல்லாத மந்திரியானார். மாற்றமோ வெள்ளவத்தையிலேயே நிகழ்ந்துவிட்டது. மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அச்சேனநாயக்கா அரசாங்கத்தின் ஆக்கமேயாகும்.