பொலிஸ் படங்களும் ஊவாத் தோட்ட மக்களும்

காக்கிச் சட்டை அணிந்த ஒருவனை நாயகனாக்கி, அவன் சட்டப்படியும் சட்டத்தை மீறியும் குற்றவாளிகளை அடக்குவதைச் சொல்லும் திரைப்படங்களைப் பொலிஸ் படம் என்பர். இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் வாழ்கின்றனர். அவர்களிடையே இவ்வகைப் படங்களுக்கு அரை நூற்றாண்டாகக் குறையாத செல்வாக்கு உண்டு. படங்கள் சென்னையிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றை இரசித்த மனம் ஊவாவின் வரலாற்றில் உருவானது. சட்டம் தோட்ட நிர்வாகியான துரையின் கையில் இருந்த மலையில், ஒரு காக்கிச் சட்டைக்காரனாவது மேலிடத்துக் கட்டளையை மீறி ஏழையின் பக்கம் திரும்ப மாட்டானா என்ற ஏக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பொலிஸ் படத்தின் ஈர்ப்புக்கு அதுவே வேர்.

முன்னோடி: மதுரை வீரன்

சட்டம் மீறும் காவலன் என்னும் பாத்திரம் சினிமாவோடு பிறந்ததல்ல. தமிழகத்தின் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் தங்கள் காவல் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். முனியாண்டி, மாடசாமி, கருப்பசாமி, மதுரை வீரன் ஆகியோர் தேயிலை மலைகளில் மரத்தடியிலும் பாறையோரத்திலும் குடியேறினர். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்குக்கூட ரோதைமுனி என்று ஒரு காவலன் அமைந்தான்.

இவர்களுள் மதுரை வீரனின் கதை பொலிஸ் படத்துக்கு மிக நெருக்கமானது. கதையின் வடிவங்கள் பல. பெரும்பாலானவற்றில் அவன் அரச குலத்தில் பிறந்து, கைவிடப்பட்டு, தோல் தொழில் செய்யும் குடும்பத்தில் வளர்கிறான். பாளையக்காரரின் மகள் பொம்மியைக் காவல் காக்கப் போகிறான். காவலை மீறி அவளையே அழைத்துக்கொண்டு போகிறான். துரத்தி வந்த படையை வெல்கிறான். பின்னர் திருமலை நாயக்கரின் ஏவலில் அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்குகிறான். நாடு அவனால் நிம்மதி அடைகிறது. அதே அரசு, அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு அவனைக் கண்டதும் மாறுகால் மாறுகை வாங்குகிறது. கொல்லப்பட்டவன் தெய்வமாகிறான்.

பிற்காலப் பொலிஸ் படத்தின் உறுப்புகள் யாவும் இக்கதையில் உண்டு. கீழிருந்து வந்தவன், திறமையால் அதிகாரம் பெற்றவன், விதியை மீறுபவன், யாருக்காகக் குற்றவாளியைப் பிடித்தானோ அந்த மேலிடத்தாலேயே தண்டிக்கப்படுபவன். கெட்டவனா நல்லவனா என்று கேட்டால் கும்பிடுகிறவர் பதில் சொல்ல மாட்டார். கடா வெட்டிப் பொங்கல் வைப்பார். குற்றமும் காவலும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை அந்த வழிபாடு வெகு காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1956இல் டி. யோகானந்த் இயக்கத்தில் எம்.ஜி.ஆர், பானுமதி, பத்மினி நடித்த ‘மதுரை வீரன்’ வெளியானபோது, தோட்ட மக்களுக்கு அது அறிமுகமே தேவைப்படாத கதையாக இருந்தது. திரையில் வெட்டுப்பட்டவன் அவர்கள் வீட்டுச் சாமி.

இலங்கையின் சிங்கள மரபிலும் இணையான ஒரு நினைவு உண்டு. உத்துவன்கந்தைக் குன்றைப் புகலிடமாகக் கொண்ட கொள்ளையன் சரதியல், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவனாகப் பேசப்படுகிறான். 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனெல்லையில் அவன் பிடிபட்ட மோதலில் சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். இலங்கைப் பொலிசின் மாவீரர் நாள் இன்றும் அந்த மார்ச் 21இல்தான் நினைவுகூரப்படுகிறது. சரதியல் அதே ஆண்டு கண்டியில் தூக்கிலிடப்பட்டான். கள்வனையும் அவனைப் பிடிக்கப் போய் இறந்த காவலனையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் நாடு இது.

தோட்டமும் பொலிசும்

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாகவே நடத்தியது. துரைக்குச் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவரைப் பிடியாணை போட்டுப் பிடிக்கலாம், சிறையில் தள்ளலாம். அடுத்த ஆண்டு, 1866இல், நவீன இலங்கைப் பொலிஸ் உருவானது. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தது தற்செயலாக இருக்கலாம். தொழிலாளிக்கு விளைவு ஒன்றுதான். ஆள் திரட்டிய கங்காணியின் கடன், தொழிலாளியைக் கடனோடு வேறு தோட்டத்துக்கு மாற்றும் துண்டுச் சீட்டு, துரையின் பங்களா, பொலிஸ் நிலையம் எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

எதிர்ப்பு ஊவாவிலும் எழுந்தது. 1940 ஜனவரியில் ஊவாவுக்கு வெளியே, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். சில மாதங்களில் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் இதைவிடத் துணிவான ஒரு நாளைக் காண்பது அரிது. இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்று நூல்களில் சில வரிகளில் முடிந்துபோகும் இந்நிகழ்ச்சி தனி நூலுக்கு உரியது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 ஜூலை 27ஆம் நாள் தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளைக் கடைத்தெரு எரிந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிசார் அங்கேயே இருந்தனர்; தடுக்கவில்லை. 2003இல் பொலிசார் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். இந்தப் படுகொலைக்காக இன்று எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். தன் வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே தொழிலாளி கையெழுத்திட்டு வருவார். இத்தகைய அனுபவமுள்ளவர், தமிழ் பேசி, மந்திரியின் கன்னத்தில் அறையும் ஓர் இன்ஸ்பெக்டரைத் திரையில் பார்க்கும்போது விசிலடித்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

படங்களின் வகைகள்

முதல் வகை கடமைப் பொலிஸ். பி. மாதவன் இயக்கிய ‘தங்கப்பதக்கம்’ (1974) இதன் உச்சம். சிவாஜி கணேசன் ஏற்ற எஸ்.பி. சௌத்ரி விதியை மீறுவதில்லை. விதிக்காக மகனையே சுடுகிறார். மகேந்திரன் எழுதிய இக்கதை முதலில் மேடை நாடகமாக வந்தது. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த ‘சிரித்து வாழ வேண்டும்’, முந்தைய ஆண்டின் இந்திப் படமான ‘சஞ்சீர்’ கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. கோபக்காரப் பொலிஸ் அதன்வழி உள்ளே நுழைந்தான். அமெரிக்காவில் 1971இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ‘டர்ட்டி ஹரி’ இப்பாத்திரத்துக்கு உலக அளவில் முகம் கொடுத்திருந்தது. சட்டத்தின் தாமதத்தைக் கண்டு பொறுமை இழந்த அதிகாரி, குற்றவாளியைக் கொன்றபின் தன் பொலிஸ் வில்லையைத் தூக்கி எறிகிறான். தமிழ் நாயகன் அப்படி எறிவது குறைவு. அவனுக்குக் காக்கிச் சட்டை வேண்டும். அதைத் தங்கள் ஆள் ஒருவன் போட்டிருப்பதே இரசிகருக்கு இன்பம்.

‘மூன்று முகம்’ (1982) படத்தின் அலெக்ஸ் பாண்டியன் இரண்டாம் வகையான கோபக்காரப் பொலிசின் தலைமகன். ரஜினிகாந்தின் மூன்று வேடங்களில் இந்த ஒன்றே நினைவில் நின்றது. ‘காக்கி சட்டை’ (1985), ‘சத்ரியன்’ (1990), ‘புலன் விசாரணை’ (1990), ‘வால்டர் வெற்றிவேல்’ (1993) என்று வரிசை நீண்டது. விஜயகாந்த் இவ்வகையின் நிரந்தர முகமானார். தெலுங்கிலிருந்து மொழிமாற்றப்பட்ட ‘இதுதாண்டா போலீஸ்’, விஜயசாந்தியின் ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ ஆகியனவும் நேரடித் தமிழ்ப் படங்களுக்கு இணையாக வரவேற்கப்பட்டன. ஹரியின் ‘சாமி’ (2003) ஒரு படி தாண்டியது. ஆறுச்சாமி இலஞ்சம் வாங்குகிறான். வில்லனைக் கொன்று, அவன் தலைமறைவாகிவிட்டான் என்று ஊரை நம்பவைக்கிறான். அதே இயக்குநரின் ‘சிங்கம்’ (2010) அடுத்தடுத்த பாகங்களாக வளர்ந்தது. கௌதம் மேனனின் ‘காக்க காக்க’ (2003), ‘வேட்டையாடு விளையாடு’ (2006) நகரத்துப் பாணியில் அமைந்தவை. அவற்றிலும் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லும் என்கவுன்டர் உண்டு.

மூன்றாம் வகையில் பொலிசே குற்றவாளி. வெங்கட் பிரபுவின் ‘மங்காத்தா’ (2011) படத்தில் அஜித் ஏற்ற, பணி இடைநீக்கம் செய்யப்பட்ட அதிகாரி பணத்துக்காகவே எல்லாம் செய்கிறார், திருந்துவதுமில்லை. புஷ்கர்-காயத்ரியின் ‘விக்ரம் வேதா’ (2017) நல்லவன் யார் என்ற கேள்வியையே கதையாக்கியது.

சிங்களத்தில் டி.பி. நிஹால்சிங்க இயக்கிய ‘வெலிகத்தர’ (1971) குறிப்பிடத்தக்கது. காமினி பொன்சேகா ஏற்ற பொலிஸ் அதிகாரிக்கும் ஜோ அபேவிக்ரம ஏற்ற கோரிங் முதலாளிக்கும் இடையிலான போராட்டம் வடக்கைக் களமாகக் கொண்டது. இலங்கையின் முதல் சினிமாஸ்கோப் படமும் அதுவே. கலைத் தரத்தில் மேற்சொன்ன தமிழ்ப் படங்களில் பலவற்றைவிட அது உயர்ந்தது.

ஊவாவுக்கு வந்த வழி

1972இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின் இந்தியப் படங்கள் குறைந்தன. வந்தவை தாமதமாக வந்தன. சம்பள நாளுக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கிப் படம் பார்ப்பது பெரிய செலவு. பார்த்து வந்தவர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கதை சொல்வார். பார்க்காதவர் வசனம்வரை மனப்பாடமாக அறிவார். 1980களில் வீடியோ டெக் இந்த நிலையை மாற்றியது. திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் வாடகைக்கு எடுத்த டெக்கும் தொலைக்காட்சியும் லயத்து முற்றத்தில் வைக்கப்பட்டன. விடிய விடியப் படம் ஓடியது. விடிந்ததும் பெண்கள் கூடையோடு, வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் கடைசிச் சண்டைவரை இருந்தவர்கள் அவர்களே.

மலையகம் தனக்கான படத்தையும் எடுத்துப் பார்த்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ (1975) தோட்ட மக்களின் வாழ்வைக் காட்டியது. ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்துப் பணியில் பங்குகொண்டார். கணேசன் தொடர்ந்து ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’ ஆகிய படங்களையும் தந்தார். தெளிவத்தை ஜோசப் பிற்காலத்தில் எழுதிய ‘குடைநிழல்’ நாவல், சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்படும் தமிழன் பொலிஸ் காவலில் படும் பாட்டைச் சொல்வது. பொலிஸ் படம் காட்டாத பக்கத்தை எழுதியவர் ஊவாவின் மகன் என்பதை இங்கே பெருமையோடு பதிய வேண்டும்.

விமர்சனம்

இப்படங்கள் பொலிஸ் வன்முறையைப் புகழ்கின்றன என்ற குற்றச்சாட்டு பழையது. வெற்றிமாறனின் ‘விசாரணை’யும், த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) படமும் அடிவாங்குபவனின் இடத்திலிருந்து கதை சொல்லி இந்த வாதத்துக்கு வலுவூட்டின. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையினரால் தாக்கப்பட்டு உயிரிழந்தபின், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிவித்தார். ஒரு வணிக இயக்குநர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அரிது, மதிக்கத்தக்கது.

எனினும் ஊவாத் தோட்ட மக்களைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டு பொருந்தாது. அவர்கள் திரையில் கண்டு மகிழ்ந்தது தங்களை விசாரிக்கும் பொலிசை அல்ல. தங்களுக்கு ஒருபோதும் கிடைக்காத பொலிசை. பிந்துனுவெவவை அறிந்த எவரும் துப்பாக்கிக்குத் தீர்ப்பெழுதும் உரிமை உண்டென்று நம்புவதில்லை.

இன்றைய நிலை

தொலைக்காட்சி அலைவரிசைகளும் கைத்தொலைபேசியும் வந்தபின் கூட்டமாகப் படம் பார்க்கும் வழக்கம் குன்றியது. இளைஞர் பலர் வேலைக்குக் கொழும்பில் இருக்கின்றனர். ஆனாலும் பொலிஸ் படங்கள் வருவது நிற்கவில்லை: ரஜினிகாந்த் என்கவுன்டர் அதிகாரியாக வந்து, பின் அதையே கேள்வி கேட்கும் ‘வேட்டையன்’ 2024இல் வெளியானது.

டெக் வாடகைக்கு விட்டவர்களும் லயத்து முற்றத்தில் படம் பார்த்தவர்களும் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வதைப் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமோ, தோட்டப் பாடசாலை ஆசிரியர்களோ தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.